அப்பாவின் பிறந்தநாளும் அம்மாவின் அறுபதும்

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது. அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். வருகிற புரட்டாசியில் அவருடைய பிறந்தநாள், ஐப்பசியில் அம்மாவுக்கு அறுபது முடிகிறது. அப்பா போட்டோவுக்கு முன்னால் கேக் வெட்டலாம் என்று தங்கை சொல்கிறாள். "செத்தவங்களுக்குத் திதிதான், பிறந்தநாள் ஏது?" என்று பெரியப்பா கோபப்படுகிறார். அம்மாவோ இரண்டுமே வேண்டாம் என்கிறார். நம்ம பக்கம் வழக்கம் என்ன, என்ன செய்யலாம்?

பெரியப்பா சொல்வதில் பாதி சரி. உயிரோடு இருப்பவருக்குப் பிறந்த மாதத்தில் வரும் ஜென்ம நட்சத்திரம், போனவருக்கு அவர் போன மாதம், பட்சம், திதி, இதுதான் பழைய கணக்கு. அதனால்தான் நம் வீடுகளில் தாத்தா இறந்த திதி எல்லோருக்கும் தெரியும், பிறந்த தேதி ஒருவருக்கும் தெரியாது. வருசத் திதியும் அமாவாசைத் தர்ப்பணமும், அல்லது உங்கள் வீட்டு வழக்கப்படி போடும் படையலும் செய்தே தீர வேண்டிய கடமை. முதல் வருடம் முடிவதற்குள் மகாளய அமாவாசையில் அப்பாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதை உங்கள் காரியம் செய்துவைத்தவரையே கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.

மீதிப் பாதி சரியில்லை. போனவர்களின் பிறந்தநாளைக் கொண்டாடுவது நம்மிடம் இல்லாத பழக்கமே கிடையாது. நாயன்மார்களுக்கு அவர்கள் சிவனடி சேர்ந்த நட்சத்திரத்தில் குருபூஜை நடக்கிறது என்றால், ஆழ்வார்களுக்கு அவதரித்த திருநட்சத்திரத்தில்தான் உற்சவம். ராஜராஜ சோழனுக்குத் தஞ்சாவூரில் ஐப்பசி மாதம் எடுக்கிற சதய விழா அவன் பிறந்த நட்சத்திரத்துக்குத்தான். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், பள்ளிக்கூடங்களில் கல்வி வளர்ச்சி நாள். செப்டம்பர் 5 எப்படி ஆசிரியர் தினம் ஆனது என்று பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். திருத்தணியில் பிறந்து நம் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் படித்த ராதாகிருஷ்ணன் 1962-இல் குடியரசுத் தலைவரானபோது, அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட ஆசைப்பட்டவர்களிடம், எனக்காக வேண்டாம், ஆசிரியர்களுக்காகக் கொண்டாடுங்கள் என்றார். அவர் போய் ஐம்பது வருடம் ஆகிவிட்டது, நாள் நிற்கிறது.

இன்னொன்று, உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடி, காட்பாடி தாலுகாதான், பைக்கில் போய்வரும் தூரம். அங்கே இருக்கும் சோழேஸ்வரம் சிவன் கோயில், ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை. ஆற்றூரில் இறந்துபோன தாத்தாவின் நினைவாக எடுத்த கோயில் என்று கல்வெட்டே சொல்கிறது, கோயிலுக்கு அப்போது பெயரும் திருவறிஞ்சிகை ஈஸ்வரம், அதாவது தாத்தாவின் பெயர்தான். அந்தக் காலத்திலேயே, செய்ய வேண்டிய திதியைச் செய்துவிட்டு அதற்கு மேலும் மனசு கேட்டபடி, கைக்கு எட்டியபடி செய்தவர்கள் நம் மண்ணில் இருந்திருக்கிறார்கள். செங்கம் பக்கம் போனால் நடுகற்கள். எடத்தனூரில் திருடர்களைக் கடித்து எஜமானின் பிணத்தருகே நின்ற ஒரு நாய்க்கும் சேர்த்துக் கல் நட்டு, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். பழைய வட ஆற்காடு ஜில்லாவில் யாரையும் மறக்கவிடுகிற பழக்கம் இருந்ததில்லை.

ஆக என் கருத்து இதுதான். திதிக்கு விதி உண்டு, அதை விதிப்படி செய்யுங்கள். போனவரின் பிறந்தநாளுக்கு விதி என்று ஒன்றும் கிடையாது, அதனால் அது முழுக்க உங்களுடையது. அந்த நாளில் யாரோ எங்கோ செய்ததைப் பார்த்துச் செய்யாமல், அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தாரோ அதையே செய்யுங்கள்.

இப்போது கேக் விஷயம். உங்கள் அப்பா கேக் சாப்பிடுகிறவரா? சம்பள நாளில் பேக்கரியில் நின்று பிள்ளைகளுக்குக் கேக் பொட்டலம் வாங்கி வந்தவர் என்றால் தாராளமாகக் கேக் வாங்குங்கள், அதைவிடப் பொருத்தமானது இல்லை. மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம். போட்டோவுக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அதன் பக்கத்தில் நின்று இன்னொரு நெருப்பை ஊதி அணைப்பது பெரியவர்கள் மனதை உறுத்தும், உறுத்துவதில் நியாயமும் இருக்கிறது. கேக்கின் மேல் வயதையும் எழுத வேண்டாம். வெட்டி எல்லோருக்கும் கொடுங்கள், போதும். அவர் கேக்கைத் தொடாதவர், காலையில் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தால் ராஜா என்று உட்காருகிறவர் என்றால் அன்றைக்கு அதைச் செய்யுங்கள். புரட்டாசி ஆயிற்றே, கவிச்சி ஆகாது என்று வீட்டில் சொன்னால் முள்ளுக் கத்தரிக்காய் இருக்கவே இருக்கிறது. இலவம்பாடிக் காய்க்கு இப்போது புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, கருவாடு இல்லாத குறையை அது பாதியாவது தீர்க்கும்.

நான் பார்த்ததில் நன்றாகச் செய்கிற ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அப்பா டவுன் பஸ் டிரைவராக இருந்தவர், பாகாயத்துக்கும் காட்பாடிக்குமாக ஓட்டியே காலம் போனது. வேலூர் வெயிலையும் பழைய வண்டியின் இன்ஜின் சூட்டையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அவர் எப்போதும் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து சீட்டில் விரித்துத்தான் உட்காருவார், அது காய்ந்ததும் அடுத்த டிரிப்பில் மறுபடி நனைப்பார். வீட்டில் யாராவது வேட்டி எடுத்துக் கொடுத்தால்கூட "துண்டா எடுத்திருக்கலாமே" என்பாராம். அவர் போனபிறகு பிள்ளைகள் அவருடைய பிறந்தநாளுக்கு முந்தின வாரம் நல்ல கனமான துண்டுகளாக எடுத்து, அன்றைக்கு விடியற்காலையில் முதல் டிரிப் எடுக்கிற டிரைவர், கண்டக்டர்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, ஆளுக்கு ஒரு துண்டு கையில் வைக்கிறார்கள். பேனர் இல்லை, துண்டில் பெயர் அச்சடிப்பது இல்லை. வாங்கிக்கொள்கிற புது டிரைவருக்கு அவரைத் தெரியாது, "யாருப்பா அது?" என்று கேட்பார், அப்போது மகன் அவரைப் பற்றிச் சொல்வார். அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்காகத்தான் மொத்தச் செலவும் என்று எனக்குத் தோன்றும்.

இந்த மாதிரி உங்கள் அப்பாவிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். குடியாத்தத்தில் தறி ஓட்டியவரோ, ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிக்குப் போனவரோ, வாத்தியாரோ, அவர் தினம் தொட்ட பொருள் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் மீதி தானாக வரும்.

அன்னதானம் செய்வதென்றால் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். அறநிலையத் துறை 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் உள்ள கோயில்களில் ஒரு நாள் செலவைக் கட்டலாம், மொத்தமாக ஒரு தொகை வைப்பு போட்டு வருடாவருடம் அதே நாளில் நடக்கும்படியும் செய்யலாம். இது நம் பழைய கட்டளை முறையேதான். கிறிஸ்தவ நண்பர்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பிறந்தநாள் காணிக்கை வைத்து ஜெபிப்பார்கள், கத்தோலிக்கர்கள் இறந்தவர் பெயரில் பூசை வைப்பார்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குப் போவார்கள். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து முஸ்லிம் வீடுகள் பலவற்றில் பிறந்தநாள் கொண்டாடுவதே இல்லை, ஆனால் போனவர் பெயரில் தண்ணீர் வைப்பதும் தர்மம் செய்வதும் எந்த நாளிலும் உண்டு. உங்கள் அப்பாவின் நண்பர்களில் அப்படி ஒருவர் இருந்தால் விழா மாதிரி அழைக்காமல் சும்மா சாப்பிட வாங்க என்று கூப்பிடுங்கள், அவருக்கும் சங்கடம் இருக்காது.

ஆதரவற்றோர் இல்லத்தில் சாப்பாடு போடுவது பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் காரமாகவே. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அவர்கள் பார்த்தே இராத ஒருவருக்குப் பாட்டுப் பாட வைத்து, தட்டு கையில் வரும் முன் போட்டோ எடுப்பது எனக்குப் பிடிக்காது. அந்தப் போட்டோவை முகம் தெரிய ஸ்டேட்டஸில் போடுவது சட்டப்படியும் வம்பு. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பில் உள்ள குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டுமே கூட. முன்கூட்டியே போன் செய்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் பிரியாணி வேண்டாம், அரிசி, எண்ணெய், சோப்பு, நாப்கின், பரீட்சைக் கட்டணம் என்றுதான் சொல்வார்கள். பிறந்தநாள் பிரியாணி அவர்களுக்கு வாரம் இரண்டு வந்துவிடும், சோப்பு வருவதில்லை.

ரத்ததானம் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். சி.எம்.சி.க்கும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் எங்கெங்கிருந்தோ வருகிற நோயாளிகளுக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள், ரத்தம் கொடுக்க யாரைக் கூப்பிடுவார்கள்? 18 வயதுக்கு மேல், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். முதல்முறை கொடுப்பவர் அறுபதைத் தாண்டியிருக்கக் கூடாது, அதனால் பெரியப்பாவை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மரக்கன்று நடுவதானால் உங்களுக்கு அதிர்ஷ்டம், புரட்டாசி, ஐப்பசி நல்ல பருவம். சித்திரை, வைகாசியில் பிறந்தநாள் வருகிறவர்கள் அந்தத் தேதியிலேயே நடுவேன் என்று அடம் பிடித்து அக்னி நட்சத்திர வெயிலில் கன்றைக் கொல்கிறார்கள். அவர்கள் அன்றைக்குக் குழி மட்டும் எடுத்துவிட்டு மழை வந்ததும் நடட்டும்.

அப்பாவின் போனைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? அவருடைய பேஸ்புக் கணக்கு அப்படியே இருந்தால் அன்று காலை அவருடைய நண்பர்களுக்கெல்லாம் இன்று இவருக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள் என்று போகும். விஷயம் தெரியாதவர்கள் "நூறாண்டு வாழ்க அண்ணே" என்று எழுதுவார்கள், அதை அம்மா பார்ப்பார். இறப்புச் சான்றிதழைக் காட்டி அதை நினைவுக் கணக்காக மாற்றிவிட்டால் அந்த நினைவூட்டல் நின்றுவிடும், படங்கள் அப்படியே இருக்கும். போன் நம்பரையும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கம்பெனி கொஞ்ச காலத்தில் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும், ஒருநாள் அப்பா என்று சேமித்த பெயரில் யாரோ ஒரு பையன் போட்டோ வந்து நிற்கும். அதற்குள் அவர் அனுப்பிய குரல் பதிவுகளை எடுத்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். "பால் வாங்கிட்டு வா" என்று சொன்ன பதிவாக இருந்தாலும் சரி.

இனி அம்மா. உண்மையில் உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான், நீங்கள் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அறுபதாம் கல்யாணம் என்று நாம் சொல்கிற சஷ்டியப்த பூர்த்தி கணவனுடைய வயதை வைத்துத்தான் வருகிறது. எழுபதில் பீமரத சாந்தி, ஆயிரம் பிறை கண்டவருக்கு எண்பதைத் தாண்டிச் சதாபிஷேகம், எல்லாம் அப்படியே, மனைவி பக்கத்தில் உட்காருவார், அவ்வளவுதான். மனைவிக்கு அறுபது ஆகிறதா என்று யாரும் கேட்பதில்லை, அதிலும் கணவன் இல்லை என்றால் அந்த நாளே காலண்டரில் கிடையாது. ஆனால் அறுபது வருடச் சக்கரம் அம்மாவுக்கும்தானே சுற்றி வருகிறது? அவர் 1966 ஐப்பசியில் பிறந்தவர் என்றால் அது பராபவ வருடம், 2026 ஏப்ரலில் பிறக்கும் வருடமும் அதே பராபவ. அவர் பிறந்தபோது இருந்த வருடம் முதல்முறையாகத் திரும்பி வருகிறது. இதற்கு ஆண், பெண் கணக்கு ஏது?

சடங்கு வேண்டும் என்று அவர் விரும்பினால் ஆயுஷ்ய ஹோமம் ஒருவருக்குத் தனியாகவே, ஜென்ம நட்சத்திரத்தன்று செய்யலாம். வேண்டாம் என்றால் அவருக்குப் பிடித்த கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், விரிஞ்சிபுரமோ வள்ளிமலையோ. முட்டி வலி என்றால் வள்ளிமலைப் படியெல்லாம் ஏற்றாமல் விரிஞ்சிபுரமே போதும். பொட்டு வைப்பது, பூ வைப்பது, ஆரத்தி எடுப்பது எல்லாம் அம்மா என்ன சொல்கிறாரோ அது. சொந்தக்காரப் பெண்கள் யாராவது வாய் திறக்கும் முன் தங்கை போய் அம்மா பக்கத்தில் நின்றுகொள்ளட்டும். அன்றைக்கு அவரை அடுப்படிக்கு விடாதீர்கள். இது சொல்ல எளிது, நடக்காது, காலையில் எழுந்து பார்த்தால் கேசரி கிளறி முடித்திருப்பார். அதனால் முந்தின இரவே அவரைத் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவது நல்லது. இனிப்புக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவரச் சொல்லுங்கள், அதை வீட்டில் யாரும் போட்டியாகச் செய்ய முடியாது.

"எதுவும் வேண்டாம்" என்று அம்மா சொல்வதைப் பெரும்பாலும் கூட்டம் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசலில் கால் வைத்ததும் "ஐயோ, அவர் இருந்திருந்தா எப்படிச் செய்திருப்பார்" என்று குரல் கொடுக்கிற உறவினர் எல்லா வீட்டிலும் இரண்டு பேர் உண்டு. அவர்களை மறுநாள் கூப்பிட்டுக்கொள்ளலாம். அம்மாவோடு படித்தவர்கள், பழைய தெருவில் குழாயடியில் பழகியவர்கள் யாராவது இருந்தால் அவர்களைத் தேடிப் பிடித்து வண்டி அனுப்பிக் கூட்டி வாருங்கள். அவர்களுக்கு உங்கள் அம்மா, உங்கள் அப்பாவின் மனைவி ஆவதற்கு முந்தின ஆள். அவர்கள் பேச ஆரம்பித்தால் அம்மாவே வேறு மாதிரி சிரிப்பார், பாருங்கள்.

தேதி சரிதானா என்றும் ஒரு முறை பாருங்கள். அந்தத் தலைமுறைக்குப் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதியை நம்ப முடியாது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஹெட்மாஸ்டர் மே, ஜூனில் ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்ட காலம் அது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல்தான் வந்தது. ஜாதகம் இருந்தால் கவலையில்லை, அதில் தமிழ் மாதமும் நட்சத்திரமும் இருக்கும். நட்சத்திரம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை வருவதால் சில மாதங்களில் இரண்டு தடவை வரும், பின்னால் வருவதை எடுத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் நேரத்தில் வேறுபடும், இரண்டையும் புரட்டிக் குழம்பாமல் உங்கள் வீட்டில் எதைப் பார்ப்பார்களோ அதையே பாருங்கள். ஜாதகம் இல்லையென்றால் பெரியவர்களின் பேச்சிலிருந்து பிடிக்க வேண்டியதுதான். "நேரு செத்தப்போ நான் மாசமா இருந்தேன்" என்றால் 1964 மே, "சைனா சண்டை" என்றால் 1962 கடைசி, "எம்.ஜி.ஆரைச் சுட்டாங்களே, அப்போ தவழ்ந்துகிட்டு இருந்தா" என்றால் 1967 ஜனவரி. தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா, மழையா வெயிலா என்று கேட்டால் மாதமும் கிடைத்துவிடும்.

அங்கேதான் பெரியப்பா தேவைப்படுகிறார். தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்கள், தாய்வழிப் பெயர்களும் கேட்பார்கள், நம்மில் பலரும் கொள்ளுப்பாட்டி பெயரில் வந்து முழித்துக்கொண்டு நிற்போம். அப்பாவின் பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு நீள நோட்டோடு பெரியப்பா வீட்டுக்குப் போய், கேக் பேச்சை எடுக்காமல், யார் யார், எந்த ஊர், எந்த மாதம் பிறந்தார்கள், எந்தத் திதியில் போனார்கள், என்ன வேலை செய்தார்கள், என்ன பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள், போனில் பதிவும் போட்டுவிடுங்கள். அப்பாவுக்கு அவர் அண்ணன், நீங்கள் பிறப்பதற்கு முந்தின அப்பாவை அவருக்குத்தான் தெரியும். அவர் பேசி முடித்தபிறகு, "பெரியப்பா, புரட்டாசியில் அப்பா பிறந்தநாளன்னிக்கு வீட்ல சாப்பிட வாங்க, நீங்கதான் முதல்ல உட்காரணும்" என்று கூப்பிடுங்கள். வருவார். கேக்கைப் பார்த்து முகம் சுளித்தால் அவர் இலையில் மட்டும் மக்கன் பேடா வையுங்கள்.